பரிமளம் மிஸ்ஸியின் பழைய நேரம்

இலங்கை மலையகத்தில், நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே மருத்துவிச்சியாக இருந்த பரிமளத்தின் இடது கையில் ஒரு கடிகாரம் இருந்தது. கைக்கடிகாரம் என்பது மரியாதைக்குச் சொல்வது. கடிகாரத்தைக் கையில் கட்டினாளா, கையைக் கடிகாரத்தில் கட்டினாளா என்று முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். குறுக்களவு இரண்டே கால் அங்குலம். அவளோ ஒல்லிக் குச்சி. மணிக்கட்டுக்கு இரண்டு பக்கமும் அது வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள், "மிஸ்ஸி, அந்தத் தோசக்கல்ல எறக்கி வச்சிட்டு வாங்க, கை நோகும்" என்பார்கள். மற்ற எந்தப் பகிடிக்கும் சிரிக்கிற பரிமளம் இதற்கு மட்டும் சிரிக்கமாட்டாள்.

அதே தோட்டத்தின் பணிய லயத்தில், சரிவின் அடியில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் பிறந்து, படித்து, 1988இல் மருத்துவிச்சி வேலையோடு அதே தோட்டத்துக்குத் திரும்பி வந்தவள் அவள். லயத்துப் பிள்ளை நமக்குப் பிரசவம் பார்ப்பதா என்று உத்தியோகத்தர் வீட்டு அம்மாமார் முகம் சுளித்தார்கள். தங்கள் மகள்களுக்கு இடுப்புவலி வந்தபோது அதே அம்மாமார்தான் செருப்புக்கூடப் போடாமல் அவள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருக்கலாம், தப்பில்லை.

கடிகாரம் சேர்க்கிற பழக்கம் அவளுக்கு நன்றிக்கடனாக வந்து சேர்ந்தது. குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுவேலைக்குப் போன பெண்கள் திரும்பி வரும்போது, பிள்ளை பெற்றபோது பக்கத்தில் இருந்த மிஸ்ஸிக்கு என்று ஆளுக்கொரு கடிகாரம் கொண்டு வருவார்கள். தங்க நிறம், கண்ணாடிக் கற்கள், தொட்டால் பவுடர் வாசம். நமுனுகுல ஈரத்துக்கு அவை ஒரு மழைக்காலம் தாங்காது. நின்றுபோன ஒன்பதையும் எறிய மனம் வராமல் ஒரு பிஸ்கட் டின்னில் பஞ்சு விரித்து அடுக்கி வைத்திருந்தாள். "செத்துப்போன ஒம்பத வச்சிக்கிட்டு எங்கிட்ட வந்து நேரம் கேக்குறியே" என்பான் அவள் புருஷன் கந்தப்பன். அவன் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டர்.

பகிடி ஒரு பக்கம் இருக்கட்டும், கடிகாரம் அவளுக்கு ஆடம்பரம் இல்லை. கர்ப்பிணியின் வயிற்றில் மரக்குழலை வைத்துக் காதைக் கொடுத்து, உள்ளே துடிக்கிற துடிப்பை நிமிஷக் கணக்குக்கு எண்ண வேண்டும். அதற்கு செக்கன் முள் வேண்டும். புகை அடைந்த லயத்து ஒற்றையறைக் காம்பராவின் மங்கல் வெளிச்சத்திலும் அந்த முள் தெரிய வேண்டும். ஒன்பது குவைத் கடிகாரங்களில் ஒன்றும் அந்த வேலைக்கு உதவவில்லை.

1993இல் ஒருநாள் டின்னைத் தூக்கிக்கொண்டு பதுளைக் கடைவீதியில் ஸரூக்கின் கடைக்குப் போனாள். ஸரூக் கடிகாரம் திருத்துகிறவன். ஒன்பதையும் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "பெட்டரி போட்டுச் சரிவராது மிஸ்ஸி. எல்லாத்துக்கும் தண்ணி பூந்துட்டுது." அவள் அதைக் காதில் வாங்கவில்லை. மேசையில் கவிழ்த்து வைத்த கண்ணாடிக் குவளைக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கூடு இல்லை, பட்டி இல்லை. வெள்ளை முகமும் பின்னால் எந்திரமும் மட்டும்தான். பொன்னிறத் தகடுகள், பதினைந்து சிவப்புக் கற்கள், நடுவில் மூச்சுவிடுவதுபோல அங்குமிங்கும் ஆடுகிற ஒரு சக்கரம். முகத்தின் அடியில் செக்கன் முள்ளுக்கென்று தனியாக ஒரு சின்ன வட்டம்.

"சுவிஸ் சாமான். ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினொண்டு" என்றான் ஸரூக். "பதுளைக்கு ரயில் வந்த காலத்துல ரயிலோட போற ஒரு கார்டு இதப் பொக்கட்ல போட்டுக்கிட்டுத்தான் கொடி காட்டினதாம். வெள்ளிக் கூட்ட ஆரோ உருக்கக் குடுத்துட்டானுகள். வூடு போயிட்டுது, உசிரு மட்டும் ஈக்குது."

பரிமளம் குனிந்து காதை வைத்துக் கேட்டாள். பிள்ளைத் துடிப்பைக் கேட்டுப் பழகிய காது. ஒரு நிமிஷம் எண்ணினாள். பிறகு, இதற்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தால் தருவாயா என்று கேட்டாள். விலை பேசிய கதை நமக்கு வேண்டாம். கந்தப்பனுக்கே அவள் அதை முழுதாகச் சொல்லவில்லை.

வீடு கட்டியது கந்தப்பன். ஃபெக்டரியில் தேயிலை காயவைக்கும் டிரையரில் பழுதாகிக் கழற்றிப் போட்ட வட்ட முகப் பித்தளை வெப்பமானி ஒன்று கிடந்தது. ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் கேட்டு அதை வாங்கி, கடைசல் மெஷினில் கொடுத்து, உள்ளே எந்திரம் உட்காரும்படி குடைந்தெடுத்தான். மெஷின் பெல்ட்டில் வெட்டிய தோல்தான் பட்டி. ஒரேயொரு வில்லங்கம். பொக்கட் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற திருகு உச்சந்தலையில் இருக்கும். கையில் கட்டினால் அந்த இடத்தில் பட்டி வந்து மறிக்கும். கந்தப்பன் ஒருநாள் முழுக்க யோசித்தான். கடைசியில் முகத்தையே பக்கவாட்டாகத் திருப்பி வைத்துவிட்டான். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது வந்து உட்கார்ந்தது. மற்றவர்கள் அதில் நேரம் பார்க்கத் தலையைத் தோளில் சாய்க்க வேண்டும். பரிமளம் மட்டும் கையை ஒரு திருப்புத் திருப்பி உடனே சொல்லிவிடுவாள். இது தனக்கு மட்டும் விளங்குகிற சாமான் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இருந்தால் என்ன, வேறு எதில்தான் கர்வப்பட அவளை விட்டார்கள்?

1996 மே மாதக் கடைசியில், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று அரசாங்கம் நாட்டின் கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளியது. ஃபெக்டரிச் சங்கு புதிய நேரத்துக்கு ஊதியது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஆட்கள் இருட்டில் தடவித் தடவி வந்தார்கள். நேரம் சொன்னால் "பழசா, புதுசா?" என்று ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. கல்யாணக் கார்டிலும் அடைப்புக்குறி போட்டுப் "புதிய நேரம்" என்று அச்சடித்தார்கள். ஆனால் ராகுகாலமும் லக்கினமும் அரசாங்கச் சொல்லுக்குக் கட்டுப்படுமா? பஞ்சாங்கம் பழைய நேரத்திலேயே இருந்தது. பிள்ளைக்குச் சாதகம் எழுதப் பழைய நேரம்தான் வேண்டும். அதனால் பரிமளம் தன் கடிகாரத்தைத் தொடவே இல்லை. டிஸ்பென்சரிப் பதிவேட்டில் ஒரு மணித்தியாலம் கூட்டிப் புதிய நேரத்தை எழுதுவாள். சாதகத்துக்கு என்று தாயிடம் கொடுக்கிற துண்டில் கடிகாரத்தில் பார்த்ததை அப்படியே எழுதுவாள். கோயில் பூசாரிதான் தோட்டத்துக்கே சாதகம் எழுதுகிறவர். மிஸ்ஸியின் கடியாரம் பழைய நேரம் என்று அவருக்குத் தெரியும். தோட்டத்தில் நண்டு சிண்டுக்கும் தெரியும்.

அந்த வருஷம் ஆவணி நடுவில் மலையில் கொழுந்தெடுக்கிற சுலோஜனாவுக்கு முதல் பிரசவம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வரும் முன்னமே பெண் குழந்தை பிறந்துவிட்டது. தொப்புள்கொடியை வெட்டிக் கையைத் திருப்பிப் பார்த்தாள் பரிமளம். டிஸ்பென்சரி அச்சடித்த துண்டில் "காலை 9.40" என்று எழுதித் தகப்பன் மருதமுத்துவிடம் கொடுத்தாள். பிள்ளையை வாங்கவே பயந்தவன், துண்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

முப்பத்தோராம் நாளுக்கு மருதமுத்துவின் அக்கா ஜெயமலர் மொனராகலையில் இருந்து வந்தாள். இறப்பர் தோட்டத்தில் வேலை செய்கிறவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியிருப்பவள். அவளுக்குப் பிள்ளை இல்லை. மொனராகலையில் பெயர்போன சாத்திரியார் ஒருவர் இருக்கிறார் என்று துண்டை வாங்கிக்கொண்டு போனாள். சாதகம் எழுதி வந்தது. பிள்ளை தகப்பனுக்கு ஆகாது. பன்னிரண்டு வயது முடியும்வரை தகப்பனும் மகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. இருந்தால் தகப்பன் உயிருக்கு ஆபத்து.

மூன்றாம் மாதம் மேனுஷா என்று பெயர் வைத்த அந்தப் பிள்ளையை ஜெயமலர் தூக்கிக்கொண்டு போனாள். சுலோஜனாவுக்கு மார்பு கட்டிக் காய்ச்சல் வந்தது. பால் வற்றுவதற்குப் பதுளையில் இருந்து மல்லிகைப்பூ வாங்கி வந்து வைத்துக் கட்டிவிட்டவள் பரிமளம்தான். "கெரகத்துக்கு நாம என்ன புள்ள செய்ய முடியும்" என்று ஆறுதலும் சொன்னாள். சுலோஜனா பூவின் மேல் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். பரிமளமும் சாதகத்தை நம்புகிறவள்தான். அந்த எழுத்தில் தன் கடிகாரத்துக்கும் ஒரு பங்கு இருக்கும் என்று அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை.

வருஷங்கள் போயின. நேரம் மாறிய அந்த வருஷ ஒக்டோபரிலேயே அரசாங்கம் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது, மற்ற அரை மணியை வைத்துக்கொண்டது. மேனுஷா மொனராகலையில் வளர்ந்தாள். ஜெயமலரை அம்மா என்றாள், சுலோஜனாவைத் தோட்டத்தம்மா என்றாள். மருதமுத்து கெட்டிக்காரன் இல்லை, ஆனால் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொள்கிறவன். ஒரே கூரைதானே கூடாது? மாதத்தில் ஒரு ஞாயிறு பஸ் ஏறிப்போய் மகளை வெட்டவெளியில் நின்று பார்த்துவிட்டு வருவான். பள்ளிக்கூட மைதானத்தில், சில நாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். மழை வந்தால் மகளைக் கடைத் தாழ்வாரத்தில் ஏற்றிவிட்டுத் தான் நனைந்துகொண்டு நின்று பேசுவான். கடைக்காரர்கள் அவனைப் பைத்தியம் என்றார்கள். பிள்ளையோ அப்பா என்றால் மழையில் நிற்கிற ஆள் என்றே நினைத்துப் பழகிவிட்டாள்.

2006 சித்திரைப் புத்தாண்டோடு அரசாங்கம் மனம் மாறியது. நாட்டின் நேரம் பழையபடிக்கு வந்தது. மறுநாள் ஃபெக்டரிச் சங்கு ஊதும்போது பரிமளம் கையைத் திருப்பிப் பார்த்தாள். முள் ஒரு இம்மி பிசகாமல் நின்றது. டீமேக்கரே டிஸ்பென்சரி வாசலுக்கு வந்து, "என்ன மிஸ்ஸி, கவுண்மென்டே ஒங்க நேரத்துக்கு வந்திருச்சே" என்றார். கொழுந்துப் பெண்கள் அன்றைக்குத் தோசைக்கல் என்று சொல்லவில்லை. இதற்கு மட்டும் சிரிக்காத பரிமளம் அன்று முழுக்கச் சிரித்தாள்.

சந்தோஷம் ஒரு கிழமைதான் நீடித்தது. நேரம் மாறியதால் இடைப்பட்ட காலத்தில் பிறந்த பிள்ளைகளின் சாதகமெல்லாம் செல்லாது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஞாயிறு காலை பரிமளத்தின் வாசலில் சாதகமும் கையுமாகத் தாய்மார் கூட்டம். அவள் துண்டில் எழுதிக் கொடுத்த நேரங்களையெல்லாம் தனக்கென்று குறித்து வைத்திருந்த பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். எல்லாம் சரி. "போ புள்ள, ஒம் மகனுக்கு ஒரு கொறையும் இல்ல" என்று அனுப்பிக்கொண்டே இருந்தாள். கந்தப்பன் உள்ளே இருந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக் களைத்துப்போனான்.

கடைசியாகச் சுலோஜனா வந்தாள். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து சாதகத்தை நீட்டினாள். பரிமளம் புத்தகத்தில் பார்த்தாள்: 9.40. சாதகத்தில் பார்த்தாள்: 8.40. சாத்திரியார் பார்த்து எழுதும்போது தவறியிருப்பார் என்று நினைத்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அங்கே அவளுடைய துண்டே குண்டூசி குத்தி இருந்தது. அவள் எழுத்து. "காலை 9.40". அதற்குக் கீழே வேறு மையில், வேறு கையெழுத்தில் எழுதியிருந்தது: "புதிய நேரம். ஒரு மணி கழிக்க 8.40."

டிஸ்பென்சரி அச்சடித்த தாள். அரசாங்கத் தாளில் அரசாங்க நேரம்தான் இருக்கும் என்று மொனராகலைக்காரர் கழித்துவிட்டார். கழிக்க ஏதும் இல்லாத நேரத்தில் கழித்துவிட்டார். தோட்டத்தில் நண்டு சிண்டுக்குத் தெரிந்தது அவருக்கு எப்படித் தெரியும்? ஊருக்கெல்லாம் சகுனம் சொல்கிற பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

"சரியா இருக்கா மிஸ்ஸி?" என்று கேட்டாள் சுலோஜனா.

இருக்கு என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் எழுந்து போயிருப்பாள். இன்னும் இரண்டரை வருஷத்தில் பிள்ளைக்குப் பன்னிரண்டு முடிந்துவிடும். தோட்டம் மெச்சிய கடிகாரத்துக்கும் ஒரு கீறல் விழாது. பரிமளத்தின் வாயில் அந்தச் சொல் வந்து நின்றது உண்மை. ஆனால் சுலோஜனாவின் கை மடியில் கிடந்தது. மல்லிகைப்பூவின் மேல் வைத்திருந்த அதே கை. பரிமளம் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"இல்ல புள்ள" என்றாள். "சரியா இல்ல."

சொல்லி முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. சுலோஜனா அழவில்லை. விளங்கிக்கொள்ள முயல்கிறவளாய்த் துண்டையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே இருந்து கந்தப்பன் வந்து, "கழிச்சது அந்தாளு. நீ சரியாத்தானே எழுதியிருக்க" என்றான்.

"சரியா எழுதினேன். முழுசா எழுதல" என்றாள் பரிமளம். "பழய நேரம்னு ரெண்டு வார்த்த. எல்லாருக்கும் தெரியும்னு இருந்துட்டேன்."

அன்றைக்கே மூன்று பேரும் பூசாரியிடம் போனார்கள். அவர் 9.40க்குக் கணித்தார். கன்னி லக்கினம் துலாம் ஆனது. தகப்பனுக்கு ஒரு தோஷமும் இல்லை, இந்தப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் அவனுக்கு நல்லது என்றுகூடச் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மருதமுத்து லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். பரிமளம் அவன் முன்னால் நின்று, எதையும் மறைக்காமல், பழியைச் சாத்திரியார் மேல் தள்ளாமல் சொன்னாள். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவன் கோடரியைக் கீழே வைத்தான்.

"அப்ப நா மழையில நின்னதெல்லாம் சும்மாவா மிஸ்ஸி?" என்று கேட்டான்.

பரிமளம் குனிந்து, பிளந்து கிடந்த விறகை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் அடுக்கினாள்.

அடுத்த ஞாயிறு மருதமுத்துவும் சுலோஜனாவும் பரிமளமும் மொனராகலைக்குப் போனார்கள். பரிமளம் போக வேண்டிய தேவை இல்லை என்று மருதமுத்துவே சொன்னான். ஜெயமலரின் முகத்துக்கு நேரே நின்று சொல்ல வேண்டியது தன் வேலை என்று அவள் புறப்பட்டாள். ஜெயமலர் புதிய சாதகத்தை வாங்கி வாசித்தாள், மடித்தாள், மறுபடி விரித்து வாசித்தாள். மோசமான பெண் என்றால் சண்டை போட்டிருப்பாள். அவள் உள்ளே போய்ப் பிள்ளையின் உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தாள். பள்ளிக்கூடச் சப்பாத்தைப் பழைய பேப்பரில் சுற்றினாள்.

"ஒங்க கடியாரந்தான் எனக்குப் புள்ளயக் குடுத்துச்சு" என்றாள் பரிமளத்திடம். "இப்ப அதுவே வந்து வாங்கிட்டுப் போவுது. நா யாரக் கோவிக்க?"

மேனுஷா அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லீவுக்கு லீவு வருவாய், லீவுக்கு லீவு அனுப்புவார்கள் என்று ஜெயமலர் திரும்பத் திரும்பச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டுவரை வந்தவள், பஸ் வருவதற்கு முன்பே திரும்பி நடந்துவிட்டாள்.

பசறை வழியாகப் பதுளைக்குப் போகிற பின்னேரப் பஸ். சனம் அதிகம். சுலோஜனாவுக்கும் பரிமளத்துக்கும் இடம் கிடைத்தது. நடுவில் மேனுஷாவை உட்காரவைத்தார்கள். அவள் கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்த பெரிய கடிகாரத்தைப் பார்த்தாள். தலையைத் தோளில் சாய்த்து, ஒன்பது எது பன்னிரண்டு எது என்று விரலால் தேடினாள்.

"இதுதானா மிஸ்ஸி அந்தக் கடியாரம்?"

"இதுதான்."

"இப்ப சரியா ஓடுதா?"

தோட்டத்தில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லவில்லை என்பது பரிமளத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்வது? கடிகாரத்தைக் கழற்றிப் பிள்ளையின் கையில் போட்டாள். அவள் கையைத் தூக்கியதும் அது நழுவி முழங்கை வரைக்கும் இறங்கியது.

"எப்பவும் சரியாத்தான் புள்ள ஓடுச்சு. நாந்தான் சொல்லாம விட்டுட்டேன்."

மேனுஷா முழங்கையைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மலை ஏறத் தொடங்கியதும் மழை பிடித்தது. ஜன்னல்களை அடைத்தார்கள். உள்ளே இப்போது நிற்க இடம் இருந்தது. மருதமுத்து மட்டும் மிதிபலகையில் நின்றான். பாதி உடம்பு வெளியே, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கொண்டக்டர் இரண்டு தடவை சிங்களத்தில் உள்ளே வரச் சொன்னான். மருதமுத்து தலையை ஆட்டினான், வரவில்லை. சாதகம் மாறிவிட்டது என்று அவன் புத்திக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. பரிமளம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா என்றிருந்தது, திருப்பவில்லை.

மேனுஷா எழுந்தாள். இருக்கைக் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து வாசல் வரைக்கும் போனாள். அந்தப் பெரிய கடிகாரம் அவள் முழங்கையில் இருந்து நழுவி மணிக்கட்டுக்கு வந்து நின்றது. கையை நீட்டித் தகப்பனின் ஈரச் சட்டையைப் பிடித்தாள்.

"உள்ள வாங்கப்பா" என்றாள். "இங்க கூர இருக்கு."

மருதமுத்து பஸ்ஸின் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஒரு படி ஏறி உள்ளே வந்தான்.